ஹோஸ்ட் குடும்பத்தோடு ஒரு வருடம்: பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

பள்ளிப் படிப்பின் நடுவில் ஒரு வருடம் அமெரிக்காவுக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி, அந்த ஊர் ஹைஸ்கூலில் படித்துவிட்டுத் திரும்பும் பரிமாற்றத் திட்டங்களைப் பற்றிய பக்கம் இது. நானும் பள்ளி வயதில் அப்படிப் போய் வந்தவள். இப்போது கிளம்பும் பிள்ளைகளுக்காக நடக்கும் ஆயத்தக் கூட்டங்களில் பேசுகிறேன். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். கல்லூரிப் படிப்புக்காகப் போகிறவர்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

இந்த ஏற்பாட்டை யார் நடத்துகிறார்கள்? புதிதாக வந்ததா?

இல்லை, பழையது. வெளிநாட்டு மாணவரை விடுதியில் போடாமல் ஒரு வீட்டில் தங்கவைக்கும் வழக்கத்தை 1932-லேயே டொனால்டு வாட் என்ற அமெரிக்கர் 'எக்ஸ்பெரிமென்ட் இன் இன்டர்நேஷனல் லிவிங்' என்ற பெயரில் ஆரம்பித்தார். ஏஎஃப்எஸ் அமைப்பின் கதை இன்னும் சுவாரசியமானது. முதல் உலகப் போரில் பிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டிய தன்னார்வ இளைஞர்களின் அமைப்பு அது. இரண்டாம் உலகப் போரிலும் ஓட்டினார்கள். போர் முடிந்ததும் ஆம்புலன்ஸை விட்டுவிட்டு, 1947-ல் பள்ளி மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பும் வேலையில் இறங்கினார்கள். இந்தியாவிலும் இயங்குகிறார்கள்.

நம் ஊர்களில் பலருக்குத் தெரிந்த இன்னொரு வழி ரோட்டரி. நீலக் கோட்டு முழுக்கச் சின்னச் சின்ன பேட்ஜ்களைக் குத்திக்கொண்டு திரியும் வெளிநாட்டுப் பிள்ளைகளை ரோட்டரி விழாக்களில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் ஒரே வீட்டில் இல்லாமல், பெரும்பாலும் இரண்டு மூன்று வீடுகளில் மாறி மாறித் தங்குவார்கள்.

அமெரிக்க அரசே முழுச் செலவையும் ஏற்கும் 'யெஸ்' உதவித்தொகைத் திட்டம் 2002-ல் வந்தது. இந்திய மாணவர்களும் அதில் போயிருக்கிறார்கள். அரசுப் பணத்தில் போனால் ஒரு நிபந்தனை உண்டு: திரும்பி வந்து இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்த பிறகுதான் எச்-1பி, கிரீன் கார்டு போன்றவற்றுக்குப் போக முடியும். பள்ளிப் பிள்ளைக்கு இது பெரிய தடையில்லை. பிளஸ் டூ முடிப்பதற்குள் அந்தக் காலம் ஏறக்குறைய கழிந்துவிடும்.

எந்த விசா? எந்த வயது?

பரிமாற்றத் திட்டங்களில் போகிறவர்களுக்கான ஜே-1 விசா. திட்டம் தொடங்கும் நாளில் 15 வயதுக்குக் குறையாமலும் 18 வயது 6 மாதத்துக்கு மேற்படாமலும் இருப்பவர்களைத்தான் பொதுவாக எடுக்கிறார்கள். அதிகபட்சம் ஒரு கல்வியாண்டு. ஒருமுறை போனவர் இதே திட்டத்தில் மறுபடி போக முடியாது. பகுதிநேர வேலைக்கும் போகக்கூடாது. பக்கத்து வீட்டுக் குழந்தையை எப்போதாவது பார்த்துக்கொள்வது, தோட்டத்தில் புல் வெட்டித் தருவது போன்றவற்றுக்கு மட்டும் அனுமதி உண்டு.

அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பணம் தருகிறார்கள்?

எதுவும் தருவதில்லை. ஜே-1 பள்ளி மாணவரைத் தங்கவைக்கும் அமெரிக்கக் குடும்பத்துக்குச் சம்பளம், வாடகை எதுவும் கிடையாது. படுக்கையும் மூன்று வேளைச் சாப்பாடும் அவர்கள் செலவு. பிள்ளை பள்ளிக்குப் போகும் ஒவ்வொரு மாதத்துக்கும் 50 டாலர் வரை நன்கொடைக் கணக்கில் காட்டி வருமான வரிக் கழிவு கேட்கலாம், அவ்வளவுதான். அது பிள்ளை குடிக்கும் பாலுக்கும் வராது.

இதைக் கேட்டதும் நம் பெற்றோர் சந்தேகப்படுகிறார்கள். "காசு வாங்காமல் யாராவது செய்வார்களா மேடம்?" செய்கிறார்கள். பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டு வீடு வெறிச்சென்று இருக்கும் தம்பதிகள், தங்கள் சின்னப் பிள்ளைகள் உலகம் தெரிந்து வளரட்டும் என்று நினைப்பவர்கள், இளவயதில் தாங்களே பரிமாற்ற மாணவராக எங்கோ போய் வந்தவர்கள், சர்ச் வழியாகச் சேவை மனதோடு வருகிறவர்கள் என்று பல ரகம் உண்டு.

பணம் இல்லாததால்தான் இந்த உறவின் தன்மையே மாறுகிறது. பிள்ளை அங்கே வாடிக்கையாளர் இல்லை, எனவே குறை சொல்லி வாங்க முடியாது. 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்று நம் ஊரிலேயே சொல்லியாயிற்று, பத்து மாதம் விருந்தாளியாகவும் இருக்க முடியாது. வீட்டுப் பிள்ளைதான், ஆனால் பெற்ற பிள்ளைக்குக் கிடைக்கும் சலுகை கிடையாது. இந்த மூன்றுக்கும் நடுவில் ஓர் இடத்தைத் தானே கண்டுபிடித்து உட்கார வேண்டும். ஒரு பிள்ளை வளர்வது என்று எதையாவது சொன்னால், நான் இதைத்தான் சொல்வேன்.

எங்கள் மச்சான் நியூ ஜெர்சியில் இருக்கிறார். அவர் வீட்டிலேயே தங்கலாமா?

கூடாது. உறவினர் வீட்டில் மாணவரை வைக்க விதி இடம் தருவதில்லை. ஊரைக் கேட்டு வாங்கவும் முடியாது. நியூயார்க், கலிஃபோர்னியா என்று கனவோடு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது அயோவா, நெப்ராஸ்கா, மினசோட்டா மாநிலங்களின் படத்தை. சோளக்காடும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே ஒரு சிக்னலும் உள்ள சிற்றூர்களுக்குத்தான் நிறையப் பேர் போகிறார்கள். ஜனவரியில் குளிர் மைனஸ் 20 டிகிரி வரைகூட இறங்கும். ஏமாற்றமாக இருக்கும், தெரியும். ஆனால் சிறிய ஊரில் உங்கள் பிள்ளையை எல்லாருக்கும் பெயர் சொல்லித் தெரியும், பள்ளி இசைக்குழுவிலோ ஓட்ட அணியிலோ சுலபமாக இடம் கிடைக்கும். பெரிய நகரத்தில் அவன் இன்னும் ஓர் இந்தியப் பையன்.

பெண் பிள்ளையை அனுப்பலாமா? பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?

அனுப்பலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. விதிகள் என்ன சொல்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். ஹோஸ்ட் வீட்டில் 18 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை நடக்க வேண்டும். வீட்டை நேரில் பார்த்திருக்க வேண்டும். பிள்ளைக்கென்று தனிக் கட்டில் இருக்க வேண்டும். காற்றடித்த மெத்தையோ விரித்தால் படுக்கையாகும் சோபாவோ செல்லாது. அறையைப் பகிர்ந்தால் ஒரே பாலினத்தவர் ஒருவரோடு மட்டும். திட்டத்தின் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் 120 மைலுக்குள் வசிக்க வேண்டும், மாதம் ஒருமுறையாவது பிள்ளையிடமும் குடும்பத்திடமும் பேச வேண்டும். தனியாக வாழும் ஒருவர் வீட்டில் வைப்பதானால் உங்கள் சம்மதத்தை முன்கூட்டியே வாங்க வேண்டும்.

விதி காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது. அதனால் பிள்ளையிடம் மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள். பாஸ்போர்ட்டை யாரும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. மனதுக்குச் சரியில்லாத தொடுதலோ பேச்சோ நடந்தால் 'நமக்கு இடம் கொடுத்தவர்கள்' என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒருங்கிணைப்பாளர் கண்டுகொள்ளாவிட்டால் பள்ளி ஆலோசகரிடம் போகலாம், சிறார் துன்புறுத்தல் பற்றித் தெரியவந்தால் புகார் செய்வது அவருக்குச் சட்டக் கடமை. ஆபத்து என்றால் 911. நன்றிக்கடன் வேறு, இது வேறு என்று அம்மா வாயால் கேட்ட பிள்ளை சீக்கிரம் வாய் திறக்கும்.

என் பையன் சொந்தக் காலில் நிற்கக் கற்றுக்கொள்வானா?

எல்லாப் பெற்றோரும் கேட்பது இது. நான் சொல்லும் பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. அங்கே அவன் முதலில் கற்றுக்கொள்வது சொந்தக் காலில் நிற்பதை அல்ல, அடுத்தவரிடம் கேட்பதை.

யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் அவன் பஸ் ஏறி டியூஷனுக்குப் போவான், ஷேர் ஆட்டோ பிடிப்பான், கடைக்கு ஓடுவான். அந்தச் சிற்றூரில் பஸ்ஸே கிடையாது, மஞ்சள் நிற ஸ்கூல் பஸ்ஸைத் தவிர. அதுவும் மூன்று மூன்றரை மணிக்குப் போய்விடும். விளையாட்டுப் பயிற்சி முடிய ஐந்தரை. பரிமாற்ற மாணவர் கார் ஓட்டக்கூடாது என்பதில் திட்டங்கள் கறாராக இருக்கின்றன. அப்போ யாராவது வந்து கூட்டிப்போக வேண்டும். ஷாம்பு வாங்கக்கூட யாராவது காரை எடுக்க வேண்டும்.

நம் பிள்ளைகள் இங்கேதான் திணறுகிறார்கள். கேட்கக் கூச்சம். 'அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு' என்று இருந்துவிடுவார்கள். அதனால் பயிற்சிக்கே பேர் கொடுக்காமல் விடுவார்கள், அல்லது கடைசி நிமிடத்தில் கேட்பார்கள். கடைசி நிமிடத்தில் கேட்பதுதான் அந்த வீட்டில் உண்மையான தொந்தரவு. அங்கே பல வீடுகளில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காலண்டர் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை இரவே அந்த வாரத்துக்கான தேவையை அதில் எழுதிவிட்டால் யாருக்கும் சிரமமில்லை. 'செவ்வாய் முடியாது' என்று அவர்கள் சொன்னால் அது செவ்வாயைப் பற்றிய தகவல் மட்டுமே, அவனைப் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. இதைப் புரிந்துகொள்ளவே சிலருக்கு டிசம்பர் ஆகிவிடுகிறது.

இன்னொன்று மன்னிப்பு. நம் வீட்டில் அம்மாவுக்கும் மகளுக்கும் சண்டை வந்தால் கொஞ்ச நேரம் கழித்து "சாப்பிட வா" என்று ஒரு குரல் வரும். அதோடு முடிந்தது, யாரும் யாரிடமும் எதையும் விளக்க வேண்டாம். அங்கே அப்படி முடியாது. நேற்று நான் பேசியது தப்பு, எனக்கு இன்ன காரணத்தால் கோபம் வந்தது என்று உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டும். சொல்லும்வரை அது அந்த வீட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். பதினாறு வயதில், இரண்டாம் மொழியில் இதைச் செய்து பழகிய பிள்ளைக்குப் பிற்காலத்தில் அலுவலகத்தில் எந்த மேலாளரிடமும் பேசக் கஷ்டம் இருக்காது.

நாங்கள் சுத்த சைவம். என்ன செய்வது?

விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள், விவரமாக. சைவம் என்ற ஒரு சொல் போதாது. முட்டை சாப்பிடுவீர்களா, கேக்கில் இருந்தால் பரவாயில்லையா, அதே கரண்டியால் கறி கிளறினால் சம்மதமா என்று எழுத வேண்டும். சைவப் பிள்ளையை எடுத்துக்கொள்ளத் தயாரான குடும்பம் கிடைக்கக் கொஞ்சம் தாமதமாகலாம், ஆனால் கிடைக்கும். மறைத்துவிட்டுப் போய் அங்கே சொல்வது இரண்டு பக்கமும் வேதனை.

அப்புறம், அங்குள்ளவர்கள் சைவம் என்று நம்பித் தரும் சிலவற்றில் அசைவம் இருக்கும். காய்கறி சூப்பில் கோழிச் சாறு, மார்ஷ்மெல்லோவிலும் ஜெல்லி இனிப்புகளிலும் ஜெலட்டின், மெக்சிகன் பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பு. லேபிள் படிக்கக் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள். தெரியாமல் ஒருநாள் சாப்பிட்டுவிட்டால் அதற்காக அழுது ஆர்ப்பாட்டம் செய்து அந்த அம்மாவைக் குற்றவாளி ஆக்கிவிடாதே என்றும் சொல்லி அனுப்புங்கள்.

நான்கைந்து எளிய சமையலாவது கற்றுக்கொண்டு போகட்டும். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பருப்பு, தோசை மாவு கிடைக்காத இடத்தில் கோதுமை தோசை. வாரம் ஒருநாள் 'இன்றைக்கு நான் சமைக்கிறேன்' என்று சொல்லும் பிள்ளைக்குக் கிடைக்கும் மதிப்பே தனி. ஒரே எச்சரிக்கை: காய்ந்த மிளகாய் தாளித்தால் புகை அலாரம் அலறும். ஜன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேலுள்ள ஃபேனைப் போட்டுவிட்டுத் தாளிக்க வேண்டும். பெருங்காயத்தை இரண்டு டப்பாவுக்குள் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த அலமாரியின் கார்ன்ஃபிளேக்ஸ்கூட மணக்கும். கறிவேப்பிலையைப் பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள். எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் நோய் அதன்வழி பரவும் என்பதால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

அன்றாட வாழ்க்கையில் நம் பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள்?

குளியலறையில்தான் முதலில். அங்கே குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழி கிடையாது. ஷவர் திரையின் அடிப்பாகம் தொட்டிக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியே கிடந்தால் தண்ணீர் முழுக்கத் தரையில் இறங்கிக் கீழ்த்தளத்தின் கூரையில் கறையாகத் தெரியும். வெந்நீர் ஒரு தொட்டியிலிருந்து வருகிறது. ஒருவர் அரைமணி நேரம் நின்றால் அடுத்தவருக்குப் பச்சைத் தண்ணீர்தான்.

தலைக்கு எண்ணெய் வைத்துப் படுத்தால் தலையணை உறை கறையாகும். பழைய துண்டு ஒன்றை விரித்துக்கொண்டால் சரி.

சாப்பாட்டு மேசையில் ஒரு விஷயம் புதிதாக இருக்கும். நம் வீடுகளில் "இன்னும் கொஞ்சம்?" என்றால் முதலில் வேண்டாம் என்போம், அவர்கள் மறுபடி கேட்பார்கள், அப்புறம்தான் தட்டை நீட்டுவோம். அங்கே ஒருமுறை வேண்டாம் என்றால் பாத்திரம் அடுத்தவரிடம் போய்விடும். முதல் வாரம் பாதி வயிற்றோடு தூங்காத தமிழ்ப் பிள்ளை குறைவு. பசித்தால் ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும்.

அறைக் கதவு இன்னொரு சிக்கல். பள்ளி விட்டு வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனில் ஊர் நண்பர்களோடு பேசுவது பிள்ளைக்கு ஓய்வு. வெளியே இருக்கும் குடும்பத்துக்கு அது, இவளுக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்ற செய்தி. மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாலே போதும், பேசக்கூட வேண்டாம். நாய் வளர்க்கும் வீடுகள் அதிகம். பயம் இருந்தால் அதையும் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள்.

பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு வராது. போன முதல் நாளிலேயே எப்படிக் கூப்பிடட்டும் என்று அவர்களிடமே கேட்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மாதக்கணக்கில் எதுவும் சொல்லிக் கூப்பிடாமல், அவர்கள் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

தினமும் வீடியோ கால் பேசலாமா?

வேண்டாம். இதில் பெற்றோர்தான் பெரும்பாலும் தவறு செய்கிறார்கள். அமெரிக்காவின் நடுப்பகுதி நேரத்துக்கும் நமக்கும் கோடையில் பத்தரை மணி நேரம், குளிர்காலத்தில் பதினொன்றரை மணி நேரம் வித்தியாசம். நாம் காலை காபியோடு கூப்பிடும் நேரம் அங்கே குடும்பம் இரவு ஒன்றாக உட்காரும் நேரம். தினமும் அந்த நேரத்தில் பிள்ளை அறைக்குள் போய்விட்டால் அந்த வீட்டோடு ஒட்டவே ஒட்டாது. வாரம் ஒருநாள் போதும். அழுதுகொண்டே கூப்பிட்டால் உடனே டிக்கெட் பார்க்காதீர்கள். மறுநாள் பேசினால் எதற்கு அழுதோம் என்பதே பிள்ளைக்கு மறந்திருக்கும்.

சோர்வு எப்போது வரும் என்பது ஓரளவு தெரிந்த விஷயம்தான். அமெரிக்காவில் தங்கிவிட்டுத் திரும்பிய நார்வே நாட்டு ஃபுல்பிரைட் உதவித்தொகையாளர்களை ஆராய்ந்து ஸ்வெர்ரெ லிஸ்கார்ட் என்பவர் 1955-ல் எழுதிய கட்டுரைதான் இதில் முன்னோடி: முதலில் உற்சாகம், பிறகு சரிவு, பிறகு மெல்ல ஏற்றம். எல்லாருக்கும் அதே வளைவு வருவதில்லை என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். என் அனுபவத்தில் தீபாவளி வாரம் ஒரு பள்ளம். அன்றைக்குப் பள்ளி உண்டு, பரீட்சைகூட இருக்கலாம், யாருக்கும் எதுவும் தெரியாது. முன்கூட்டியே ஹோஸ்ட் குடும்பத்திடம் சொல்லி, அன்றிரவு நான்கு விளக்கு ஏற்றி ஒரு கேசரியாவது கிண்டினால் அந்தப் பள்ளத்தைத் தாண்டிவிடலாம்.

ஒத்துப்போகாவிட்டால் வீடு மாறலாமா?

மாறலாம். நிறையப் பேர் மாறுகிறார்கள், அதில் அவமானம் ஏதுமில்லை. ஆனால் ஒத்துவராதது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பாதுகாப்புப் பிரச்சினை என்றால் அன்றைக்கே மாற வேண்டும். பாத்திரம் கழுவச் சொல்கிறார்கள், இரவு பத்து மணிக்கு வைஃபை அணைக்கிறார்கள் என்பதெல்லாம் அடுத்த வீட்டிலும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில், யார் மீதும் தப்பில்லாமல் சுபாவம் சேராத வீடுகளும் உண்டு. அதற்கு ஒருங்கிணைப்பாளர் முன்னால் எல்லாரும் உட்கார்ந்து பேசி, சில வாரம் பார்த்துவிட்டு முடிவெடுப்பார்கள். நடுவில் இந்தியாவிலிருந்து அப்பா நேராக ஹோஸ்ட் அப்பாவுக்குப் போன் போட்டுப் பேசினால் காரியம் கெட்டது. ஒருங்கிணைப்பாளர் வழியாகவே போங்கள்.

சர்ச்சுக்கு வரச் சொல்கிறார்களாமே?

கூப்பிடுவார்கள், கட்டாயப்படுத்தக் கூடாது. பல சிற்றூர்களில் ஞாயிறு சர்ச்தான் ஊர்க்கூட்டம், சாப்பாடு, இளைஞர் சங்கம் எல்லாம். வேடிக்கை பார்க்கப் போகலாம், போகாமலும் இருக்கலாம். நாகரிகமாக ஒருமுறை சொல்லிவிட்டால் பெரும்பாலானோர் புரிந்துகொள்வார்கள்.

ஒரு வருடம் வீணாகிவிடாதா? நீட், ஜேஇஇ என்ன ஆவது?

ஒரு வருடம் தள்ளிப்போகும் என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டுப் போய், திரும்பி வந்து பதினொன்றாம் வகுப்பில் சேர்வதுதான் இங்கே குழப்பம் குறைந்த வழி. அங்கே படித்த பாடங்களை வைத்து நேராகப் பன்னிரண்டில் சேரலாம் என்று யாராவது சொன்னால், உங்கள் பள்ளியிடமும் வாரியத்திடமும் எழுத்தில் வாங்காமல் நம்பாதீர்கள். அமெரிக்கப் பள்ளி, படிப்பை முடித்ததற்கான டிப்ளமா சான்று தரும் என்ற உறுதியும் கிடையாது.

நீட்டுக்கு இப்போது மேல் வயது வரம்பு இல்லை. ஜேஇஇ வாய்ப்புகள் பிளஸ் டூ தேறிய ஆண்டிலிருந்துதான் கணக்கு. எனவே ஒரு வருடம் பிந்துவதால் கதவு எதுவும் மூடுவதில்லை. ஆனால் பத்து மாதம் கணக்கையும் இயற்பியலையும் தொடாமல் இருந்துவிட்டு வருவது உண்மையான கஷ்டம். மருத்துவம்தான் படிக்க வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்தே ஓடும் பிள்ளையை இதற்கு இழுக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு விருப்பமிருந்தால் கல்லூரியில் ஒரு செமஸ்டர் பரிமாற்றம் பொருத்தமாக இருக்கும்.

இதனால் ஆளுமை மாறுகிறது என்பதற்கு ஆதாரம் உண்டா, அல்லது விளம்பரமா?

கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது, நிறைய விளம்பரமும் இருக்கிறது. ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல், வெளிநாட்டில் தங்கிப் படித்த மாணவர்களையும் ஊரிலேயே இருந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். போனவர்களிடம் புதியதை ஏற்கும் மனமும் இணங்கிப்போகும் குணமும் கூடியிருந்தன, பதற்றப்படும் இயல்பு குறைந்திருந்தது. அங்கே கிடைத்த புதிய உறவுகளுக்கு இதில் முக்கியப் பங்கு இருந்தது. 2018-ல் வந்த இன்னொரு ஆய்வு, வெளிநாட்டு வாசம் ஒருவருக்குத் 'நான் யார்' என்ற தெளிவைக் கூட்டுகிறது என்றது. எத்தனை நாடு பார்த்தார் என்பதைவிட எவ்வளவு காலம் இருந்தார் என்பதே அதில் கணக்கு.

இந்த இரண்டும் வயதில் பெரியவர்களை, கல்லூரிக்காரர்களைப் பற்றியவை. பள்ளிப் பிள்ளைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் இரண்டு வாரம் பஸ்ஸில் ஐந்து நாடு சுற்றிக் காட்டும் 'கல்விச் சுற்றுலா'வுக்கு லட்சங்கள் கட்டுவதற்கு முன் இதை யோசிக்கலாம்.

ஆங்கிலம் சரளமாகிவிடுமா?

பேச்சு ஆங்கிலம் வரும், அந்த வீட்டார் பேசுகிறவர்களாகவும் பிள்ளை அறைக்கு வெளியே இருப்பதாகவும் இருந்தால். வெறுமனே கூரைக்குக் கீழே இருப்பதால் மொழி வராது.

கனடா, இங்கிலாந்தில் மாதப் பணம் கட்டித் தங்கும் ஹோம்ஸ்டேயும் இதுவும் ஒன்றா?

வேறு வேறு. அங்கே குடும்பம் பணம் வாங்குகிறது, எனவே அறை, சாப்பாடு, விதிகள் எல்லாம் ஒப்பந்தம். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டால் அதுவும் நல்ல ஏற்பாடுதான், சில வீடுகளில் உண்மையான நெருக்கமும் வரும். இன்ன வேளைச் சாப்பாடு, சமையலறையைப் பயன்படுத்தலாமா, இன்னும் எத்தனை மாணவர்கள் அங்கே தங்குகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இங்கிலாந்தில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை நெருங்கிய உறவினர் அல்லாதவர் வீட்டில் 28 நாளோ அதற்கு மேலோ தங்கினால் அது தனியார் வளர்ப்பு ஏற்பாடாகக் கருதப்படும், உள்ளாட்சி நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதை உங்களிடம் சொல்லாத ஏஜென்ட்டை நம்ப வேண்டாம்.

திரும்பி வந்த பிறகு ஏன் இப்படி எரிந்து விழுகிறாள்?

இந்தக் கேள்வி வழக்கமாக ஜூலையில் வரும். போகும்போது இருக்கும் அதிர்ச்சியைவிட வரும்போது இருப்பது சில பிள்ளைகளுக்குப் பெரிது. தோழிகள் ஒரு வகுப்பு முன்னால் போய்விட்டார்கள். அங்கே அவளே சமைத்தாள், துணி துவைத்தாள், வாரக் கணக்கைத் திட்டமிட்டாள். இங்கே வந்ததும் மறுபடி பால் டம்ளரைக் கையில் கொடுத்து, யாரோடு போனில் பேசினாய் என்று கேட்கிறோம். தன் அறைக் கதவைத் தட்டிவிட்டு வரும்படி அவள் வீட்டாரிடம் சொல்கிறாள், பாட்டிக்கு அது திமிராகத் தெரிகிறது.

அங்கே செய்து பழகியவற்றில் இரண்டையாவது இங்கேயும் அவள் பொறுப்பில் விடுங்கள். சனிக்கிழமை சமையல், அவளுடைய பணக் கணக்கு, எதுவானாலும் சரி. 'அமெரிக்காவில் இப்படி இல்லை' என்ற பேச்சு மூன்று நான்கு மாதத்தில் தானாகக் குறையும். ஹோஸ்ட் குடும்பத்தோடு பேச்சை மட்டும் நிறுத்த வேண்டாம். பிள்ளைகளின் கல்யாணத்துக்குப் பட்டுப் புடவை கட்டி வந்து பந்தியில் இலைக்கு முன்னால் உட்காரும் ஹோஸ்ட் அம்மாக்கள் நிஜமாகவே உண்டு.

அனுப்ப வசதியில்லை. வேறு வழி?

நீங்கள் ஹோஸ்ட் குடும்பமாக இருக்கலாம். ஏஎஃப்எஸ், ரோட்டரி இரண்டிலும் வெளிநாட்டுப் பிள்ளைகள் இந்தியாவுக்கும் வருகிறார்கள், அவர்களுக்கு வீடு தேவை. உங்கள் மகன் தன் அறையையும் அம்மாவின் கவனத்தையும் ஒரு இத்தாலியப் பையனோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டி வரும். மேலே சொன்ன கஷ்டங்கள் எல்லாம் அப்போது மறுபக்கத்திலிருந்து தெரியும்: காலையில் அந்தப் பையன் குளியலறையில் அரைமணி நேரம் நிற்பான், நீங்கள் மூன்றாவது முறை சாதம் போடும்போது பயந்து தட்டை மூடுவான், மத்தியானம் அறைக் கதவைச் சாத்திக்கொள்வான். பெரிய வீடு தேவையில்லை. தனிக் கட்டில், ஓரளவு ஆங்கிலம், நிறையப் பொறுமை இருந்தால் போதும்.

சட்ட வேலை கொஞ்சம் உண்டு. வெளிநாட்டவர் உங்கள் வீட்டுக்கு வந்து 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய தகவலை அரசின் இணையதளத்தில் பதிய வேண்டும், தனி வீடுகளுக்கும் இது பொருந்தும். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்த பிள்ளை, வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகமான எஃப்ஆர்ஆர்ஓவில் பதிவு செய்ய வேண்டியிருக்கும். இரண்டையும் அமைப்பின் உள்ளூர்க்காரர்களே கூட இருந்து முடித்துத் தருவார்கள். வீட்டு முகவரிச் சான்றை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.